கம்பி நேராகத்தான் இருந்தது

தூத்துக்குடி
11.2.2024

அன்பு மருமகள் ஜெஸ்மிக்கு உன் தாய்மாமன் தனராஜ் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அத்தை தேவமணியும் சுகம். சென்னையில் நீயும், விடுதிச் சாப்பாட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும் உன் வயிறும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் இடது காது போனது உனக்குத் தெரியும். கிரேக்க நாட்டுக் கப்பல் ஒன்று எனக்கு மரியாதை செய்வதற்காகப் பக்கத்தில் வந்து சங்கு ஊதியதில் போனது. "ஹேர்பின்னை விட்டுக் குடைஞ்சதை எழுதுங்க" என்று உன் அத்தை அடுப்படியிலிருந்து கத்துகிறாள். அது இந்தக் காதில் விழவில்லை. போதாததற்கு, போனில் உன் அம்மாவிடம் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிண்ணே, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுகிறாள். நாசரேத்தில் அந்த ஒரு வீட்டில் மட்டும் எந்நேரமும் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. கடிதத்தில் எவரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் "எனக்கு இந்த வேலை வராதும்மா" என்று நீ அழுகிறாயாம். உன் அம்மா ஜெயஷீலாதான் சொன்னாள். ஏளா, நம் குடும்பத்தில் ஒருத்தருக்கு வேலை வராதா? நான் எட்டாவதோடு நின்றேனே, அது படிப்பு வராமலா? எனக்குச் சொல்லித்தர அந்த வாத்தியார்களிடம் மேற்கொண்டு சரக்கு இல்லை. இன்றைக்குத் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒவ்வொன்றும் என் எடைமேடையில் ஏறி, எனக்குத் தலைகுனிந்துவிட்டுத்தான் போகிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன், தைரியம் வரும். வாலிபத்தில் நான் துறைமுகத்தில் நின்றபோது ஒரு முதலாளி மலைபோல் உப்பைக் குவித்து, கப்பலில் ஏற்றப் பார்த்தான். பெரிய பெரிய ஆபீசர்கள் அளந்து சரி என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒரு கம்பியை எடுத்தேன். நெஞ்சு உயரத்தில் குவியலுக்குள் நேராகச் செருகி இழுத்தேன். நுனியில் செம்மண்! மேலே உப்பு, உள்ளே மண். கலெக்டர் ஜீப்பை விட்டிறங்கி என் கையைக் குலுக்கினார். சந்தேகமிருந்தால் என் கூட்டாளி சுடலைக்கண்ணுவைக் கேள், பக்கத்தில் நின்றான். நான் முத்துக் குளித்தபோதும் அவன்தான் படகில் இருந்தான். நாவல்பழம் அளவு முத்து. ஆசை கூடாது என்று திரும்பக் கடலிலேயே போட்டுவிட்டேன்.

நீ அந்த ரத்தம். பயப்படாதே.

துறைமுகச் சிங்கம், உன் பாசமுள்ள மாமா,
தனராஜ்

சென்னை
19.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் காதும் அத்தையின் முட்டுவலியும் எப்படி இருக்கின்றன? கடிதத்தை விடுதி வார்டன் கொடுத்தபோது, "இந்தக் காலத்தில் யாரம்மா இது" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முத்துக்குளிப்பு நின்றுபோனபோது நீங்கள் பிறக்கவே இல்லை என்று அம்மா சொல்கிறாள். ஆனாலும் வாசித்துச் சிரித்தேன். சிரித்துப் பல நாள் ஆகிறது.

ஒரு கூட்டலை மூன்று தடவை போடுகிறேன் மாமா. மூன்றும் ஒன்றாக வந்தாலும், மூன்று தடவையும் ஒரே தப்பைச் செய்திருப்பேனோ என்று தோன்றுகிறது. கூட வேலை பார்க்கிறவர்கள் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். எங்கள் மேனேஜர் லிங்கராஜ் சார் போன வாரம் எல்லார் முன்னாலும், "உங்க ஊர்ல எல்லாரையும் டீச்சர்தானே ஆக்குவாங்க, உன்னை மட்டும் ஏம்மா இங்க அனுப்பினாங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் தவறி உள்ளே வந்துவிட்டவள் என்பதை ஒருநாள் கண்டுபிடித்து அனுப்பிவிடுவார்கள் என்றே ஒவ்வொரு காலையும் படியேறுகிறேன்.

மார்ச் 31 அன்று உங்கள் ஊரில் ஓர் உப்பளத்தில் இருப்பைச் சரிபார்க்க எங்களை அனுப்புகிறார்கள். உப்பு அம்பாரங்களை அளக்க வேண்டும். எந்தக் கம்பெனி என்று சொல்லக்கூடாது. அதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். நீங்களும் யாரிடமும் பேச வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கம்பிக் கதை உண்மையா?

அன்புடன்,
ஜெஸ்மி

தூத்துக்குடி
4.3.2024

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். வெயில் மட்டும்தான் ஏறிக்கொண்டிருக்கிறது, உப்புக்கு அது நல்லது.

உண்மையா என்று கேட்டுவிட்டாய். வேறு யாராவது கேட்டிருந்தால் உறவை முறித்திருப்பேன். போன கடிதத்தில் அடக்கி வாசித்தேன். ஒரு குவியல் இல்லை, மூன்று. கலெக்டர் கையைக் குலுக்கியதோடு விடவில்லை, "தனராஜ், நீங்க என் ஆபீசுக்கு வந்துருங்க" என்று கெஞ்சினார். எனக்குக் கட்டுப்பட்டு உட்காருகிற குணம் இல்லை.

மார்ச் 31 ஈஸ்டர் ஆயிற்றே! பண்டிகை அன்று பிள்ளைகளை உப்பளத்தில் இறக்குகிறானே அந்த லிங்கராஜ், ஆராதனைக்குப் போகிற குடும்பம் இல்லையா? நீ வந்தால் அத்தை கையால் பிரியாணி. கம்பெனிப் பெயரை நீ சொல்ல வேண்டாம். இந்த ஊரில் எனக்குத் தெரியாத அளம் எது? யாரிடமும் மூச்சு விடமாட்டேன். என் வாய் துறைமுகத்து இரும்புக் கதவு.

கம்பியை மறக்காதே. நேராகப் பிடி.

அளங்களின் அதிபதி, உன் மாமா,
தனராஜ்

சென்னை
3.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாகத் திரும்பி வந்தேன். அத்தைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இதை உங்களுக்கு எழுதக்கூடாது. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இந்த வேலை வரும் என்று இதுவரை சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்.

ஞாயிறு காலை அளத்துக்குப் போனோம். டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கம் முழுக்க உப்பு கரைந்துபோனது. இவர்களுடையது மட்டும் வரிசையாக நிற்கிறது. லிங்கராஜ் சார் நிழலில் உட்கார்ந்து நீளம், அகலம், உயரம் என்று எங்களை அளந்து சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அங்கே நேராக்கிய வேலிக்கம்பித் துண்டு ஒன்று கிடந்தது. உங்கள் நினைப்பு வந்தது. எடுத்து, மூன்றாவது அம்பாரத்தில் நெஞ்சு உயரத்தில் செருகினேன். ஒரு கை நீளத்துக்கு உப்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. இழுத்தேன். நுனியில் சிவப்பாக ஈரமண்.

லிங்கராஜ் சார் பார்த்தார். "சாய்ச்சுப் பிடிச்சிருப்ப. நுனி தரையில பட்டிருக்கும்" என்றார். இல்லை சார், நேராகத்தான் பிடித்தேன் என்றேன். "கம்பிய விட்டுக் குத்துறது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார். என் மாமா சொன்னார் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த அம்பாரத்தில் குத்துவதற்குள் காவலாளி ஓடிவந்தார். "அம்மா, கேட்டுல ஒரு பெரியவர். 'ஆடிட்டரம்மாவோட தாய்மாமன் வந்திருக்கேன், கேட்டைத் தெறலே'ங்காரு." திரும்பிப் பார்த்தால் நீங்கள், வெள்ளை வேட்டியில், இரண்டு கையிலும் தூக்குச்சட்டி. அளத்து மேனேஜர் வெள்ளத்துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம எடைமேட தனராஜ் அண்ணாச்சி மருமவளா நீங்க! மொதல்லயே சொல்லப்புடாதாம்மா? கம்பியத் தூரப் போடுங்க, பண்டிகையும் அதுவுமா பிரியாணி ஆறுது." எல்லாரும் சாப்பிடப் போனார்கள். லிங்கராஜ் சார் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்டுத் திரும்பும்போது அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

கோபமில்லை மாமா, ஆசையாகத்தான் கொண்டுவந்தீர்கள்.

நான் பார்த்ததை ஒரு குறிப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய ஆடிட்டர் இந்த மாதக் கடைசியில் அதைப் பார்ப்பார். அவர் ஏற்றுக்கொண்டால் மறுபடி போய் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். இந்த ஒன்று நிற்க வேண்டும் மாமா. நின்றுவிட்டால் என் கண்ணையும் கையையும் நம்புவேன், இந்தத் தொழிலில் இருந்துவிடுவேன். நிற்காவிட்டால் எனக்குத் தெரியாது.

தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். கம்பி நேராகத்தான் இருந்தது.

உங்கள் அன்பு,
ஜெஸ்மி

தூத்துக்குடி
12.4.2024

வீராங்கனை ஜெஸ்மிக்கு மாமாவின் முத்தங்கள்! நாங்கள் சுகம், சுகத்துக்கு மேல் சுகம். உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். நான் அழவில்லை, கண்ணில் உப்புக்காற்று.

சொன்னேனா இல்லையா? ரத்தம் பேசும். பெரிய ஆடிட்டர் உன்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தான் நின்றுகொண்டு பேசப்போகிறார், பார்.

யாரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. முந்தாநாள் வெள்ளத்துரை எடைமேடைக்கு வந்தான். எப்போதும் காரை விட்டு இறங்காதவன், இறங்கிவந்து என் பெஞ்சில் உட்கார்ந்தான். "மருமவ என்ன சொல்லுதா அண்ணாச்சி?" என்றான். "எங்க பிள்ள கண்ணுக்கு எதுவும் தப்பாதுலே" என்று மட்டும் சொன்னேன். "அப்டி என்னத்தக் கண்டா?" என்றான். "கம்பி வெச்சுக் குத்துனா கப்பலே பேசும்" என்றேன், பூடகமாக. அவன் முகம் சுண்டிவிட்டது. எனக்குப் பாவமாயிருந்தது. அதனால், "ஒண்ணும் யோசிக்காத, நான் ஒரு வார்த்த சொன்னா அவ தட்டமாட்டா" என்று சொல்லிவைத்தேன். சும்மா ஒரு கெத்துக்குத்தான். அவன் எழுந்து நின்று கும்பிட்டான் ஜெஸ்மி! வெள்ளத்துரை என்னைக் கும்பிட்டான்! போகும்போது ஒரு பெரிய பெட்டி மக்ரூன் வைத்துவிட்டுப் போனான். முந்திரி மக்ரூன், அரைக்கிலோ இருக்கும். சுடலைக்கண்ணுவும் நானும் அன்றே முடித்துவிட்டோம். உனக்கு நான்கு எடுத்துவைத்திருக்கிறேன், எறும்பு வந்தால் பொறுப்பில்லை.

உன் குறிப்பு நின்றதும் தந்திபோல் எழுது.

வெற்றிமாலையோடு காத்திருக்கும் மாமா,
தனராஜ்

தூத்துக்குடி
20.5.2024

அன்பு ஜெஸ்மிக்கு மாமா எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை.

மாதம் ஒன்று தாண்டிவிட்டது, பதில் இல்லை. தபால்காரனை இரண்டு தடவை அதட்டினேன். தலைமைத் தபால் அதிகாரியே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பெரிய ஆடிட்டர் உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பார், அங்கே வேலை அதிகம் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். சிங்கப்பூர் என்றும் சொல்லியிருக்கிறேன். அது சரிதானா என்று ஒரு வரி எழுது, மேற்கொண்டு பேச வசதியாயிருக்கும்.

உன் அம்மாவிடம் போனில் கேட்டேன். அடுப்பில் பால் என்றாள்.

வெள்ளத்துரை இப்போது எடைமேடையில் நிற்பதில்லை. அவன் லாரிகளை வேறு எடைமேடைக்கு அனுப்புகிறான். பெரிய மனிதர்களுக்கு நூறு சோலி.

மக்ரூனில் எறும்பு வந்துவிட்டது.

மாமா,
தனராஜ்

சென்னை
9.6.2024

மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அத்தையை மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஏப்ரல் கடைசியில் பெரிய ஆடிட்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். லிங்கராஜ் சாரும் இருந்தார். என் குறிப்பு மேசைமேல் இருந்தது. அதன்மேல் அந்தக் கம்பெனி எழுதிய கடிதம் ஒன்று. உங்கள் குழுவில் உள்ள பெண்ணின் தாய்மாமன் எங்கள் மேனேஜரிடம் பேரம் பேசினார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் விட்டுவிடுவாள் என்றார், பெட்டி வாங்கிக்கொண்டார் என்று எழுதியிருந்தது.

"யாரும்மா இந்தத் தனராஜ்?" என்று பெரிய ஆடிட்டர் கேட்டார். அதட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

கம்பி வைத்துக் குத்த யார் சொன்னது என்று லிங்கராஜ் சார் கேட்டார். அதுவும் அவர்தான் என்றேன்.

குறிப்பைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. இப்படி ஒரு கடிதம் வந்த பிறகு, நான் எழுதியதை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியைக் கேள்வி கேட்க முடியாதாம். அது நியாயம்தான். நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நீங்கள் என்ன பேசினீர்கள் என்று உங்கள் ஏப்ரல் கடிதத்திலேயே இருக்கிறது. அதைக் கிழித்துவிட்டேன். அதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டாம்.

கம்பி கொஞ்சம் சாய்ந்திருக்கவும் கூடும். வெயிலில் கண் கூசியது.

ஜெஸ்மி

தூத்துக்குடி
18.6.2024

அன்பு மருமகளுக்கு. சுகம். அத்தை மாத்திரை சாப்பிடுகிறாள்.

உன் கடிதம் பார்த்தேன். என்ன ஆபீஸ் அது! எனக்கு ஒரு மந்திரியைத் தெரியும். அவருடைய மச்சினனின் லாரி என் எடைமேடையில்தான் ஏறுகிறது. ஒரு வார்த்தை போட்டால் அந்தப் பெரிய ஆடிட்டர் பஸ் பிடித்து நாசரேத்துக்கு வந்து உன் அம்மா வாசலில் நிற்பார். வெள்ளத்துரையை நேற்று நடுரோட்டில் நிறுத்திச் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஊரே பார்த்தது. விலக்கிவிட நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

இங்கே பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு இப்போதே கடைகள் கேட்டு ஆள் வர ஆரம்பித்துவிட்டது. இந்த வருடம் ராட்டினம் மூன்று என்கிறார்கள். போன வருடம் வந்த ராட்டினக்காரன் என்னிடம் யோசனை கேட்டுத்தான் இடம் பிடித்தான். நீ சின்னப்பிள்ளையில் ஏறிய ராட்டினம் உச்சியில் போய் நின்றபோது "மாமா, கீழ பிடிச்சுக்கோங்க" என்று கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் கீழே நின்று இரும்பைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்ததால்தான் அது விழாமல் நின்றது என்று நீ எல்லாரிடமும் சொன்னாய்.

ஆகஸ்டில் வா.

மாமா,
தனராஜ்

சென்னை
2.9.2024

மாமாவுக்கு,

உங்கள் சுகத்தை அம்மா சொன்னாள். திருவிழாவுக்கு வர முடியவில்லை.

ஜூலையில் ஆர்ட்டிகிள்ஷிப்பை, அந்த ஆடிட்டர் பயிற்சியை, விட்டுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பிறகு என்னை வெளியே எங்கும் அனுப்பவில்லை. ஆபீசிலேயே பழைய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதை லிங்கராஜ் சார் இன்னொரு பையனைவிட்டுச் சரிபார்க்கச் சொன்னார். அவன் சரி என்றான். நான் மறுபடி பிரித்து அடுக்கினேன். அவன் என்னைப் பார்த்த விதத்தில், போய்விடலாம் என்று பட்டது.

இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். கம்ப்யூட்டரே கூட்டிக்கொள்கிறது. நானும் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளில் கூட்டிப் பார்க்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் "சீக்கிரம்மா" என்கிறார்கள்.

ஆடிட்டர் படிப்பின் கடைசிப் பரீட்சையையும் இனி எழுதப்போவதில்லை. அம்மாவுக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்துவிட்டேன். கம்பி சாய்ந்துதான் இருந்தது. லிங்கராஜ் சார் சொன்னதுதான் சரி. நீங்கள் டீக்கடையில் சிங்கப்பூர் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் இல்லை.

ஜெஸ்மி

தூத்துக்குடி
24.11.2024

அன்பு ஜெஸ்மி, மாமா எழுதுகிறேன். சுகம்தான். நீ சுகமா?

இதைக் கவனமாக வாசி. நான் மெதுவாக எழுதுகிறேன்.

எடைமேடை வேலை ஆடி மாதத்தோடு போயிற்று. லாரி குறைந்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து நானும் சுடலைக்கண்ணுவும் கிடைத்த வேலைக்குப் போகிறோம். இந்த வாரம் நல்ல மழை. புதன்கிழமை ரோட்டில் நின்றவர்களை ஒரு வேனில் ஏற்றிப் போனார்கள். காற்றில் தார்ப்பாய் கிழிந்த அம்பாரங்களை மூட வேண்டும் என்றார்கள். போய் இறங்கினால் நீ வந்த அளம். நான் தலையில் சாக்கு போட்டிருந்தேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

மூன்றாவது அம்பாரத்தின் ஒரு பக்கம் மழையில் கரைந்து இறங்கியிருந்தது. உள்ளே செம்மண். என் நெஞ்சு உயரத்துக்குமேல் மண். உப்பு அதன்மேல் பூசியதுபோல ஒரு கை நீளம்தான். நீ எழுதினாயே, சத்தம் நின்றது என்று, அந்த இடம். அடுத்த அம்பாரமும் அப்படித்தான். நான் தொட்டுப் பார்த்தேன். சுடலைக்கண்ணுவும் பார்த்தான். வெள்ளத்துரை வந்து, "வாய் பாக்காம மூடுங்கலே" என்று சத்தம் போட்டான். மூடினோம்.

என் போனில் படம் எடுக்கும் வசதி கிடையாது, உனக்குத் தெரியும். மண்ணும் உப்பும் ஒட்டியிருந்த ஒரு கட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். பாலித்தீன் பையில் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன்.

நீ கம்பியை நேராகத்தான் பிடித்தாய்.

மாமா,
தனராஜ்

சென்னை
10.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். மழையில் கூலி வேலைக்குப் போகாதீர்கள். உங்கள் வயதுக்கு அது ஆகாது. எடைமேடை வேலை போனதை அம்மா முன்பே சொன்னாள். நான் கேட்காமல் இருந்தது தப்பு. இந்த மாதத்திலிருந்து அத்தை மாத்திரைக்கு நான் அனுப்புகிறேன்.

பார்சல் வந்தது. உப்பு கசிந்து உறை நனைந்துவிட்டது. வார்டன் அம்மா அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே செம்மண் இருந்தது.

மாமா, சாத்தான்குளம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண்தான். உப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். எனக்காக நீங்கள் இவ்வளவு தூரம் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பையைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன்.

நெஞ்சு உயரம், உள்ளே செம்மண், பக்கத்தில் சுடலைக்கண்ணு அண்ணாச்சி. பிப்ரவரியில் இதே கதையைத்தான் எழுதினீர்கள். அப்போது கலெக்டர் இருந்தார், இப்போது மழை. நாவல்பழ முத்துக்கும் சுடலைக்கண்ணு அண்ணாச்சிதான் சாட்சி.

நான் படித்த பாடத்தில் ஒன்று மனதில் நிற்கிறது. ஓர் ஆதாரத்தை எவ்வளவு நம்பலாம் என்பது, அதை யார் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. வேறு யார் இதை எழுதியிருந்தாலும் இன்றைக்கே ரயிலேறியிருப்பேன்.

என்னைத் தேற்ற நினைத்தீர்கள். நன்றி மாமா. கம்பி சாய்ந்துதான் இருந்தது. அதை ஏற்றுக்கொண்ட பிறகு கொஞ்சம் தூக்கம் வருகிறது. அதைக் கலைக்காதீர்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உங்கள்,
ஜெஸ்மி

தூத்துக்குடி
8.1.2025

ஜெஸ்மிக்கு,

சுகம். அத்தைக்கு மாத்திரை வாங்கினோம். நீ சுகமாயிரு.

உன் கடிதத்தை அத்தை வாசித்துக்காட்டச் சொன்னாள். வாசிக்கவில்லை.

மண் இருந்தது. அதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத எழுதக் கதை மாதிரி ஆகிவிடுகிறது.

நேற்று டீக்கடையில் புதிதாக வந்த ஒரு டிரைவர், "அண்ணாச்சி, ஒங்க மருமவ பெரிய ஆடிட்டராமே, சிங்கப்பூர்ல இருக்காளாமே, சுடலைக்கண்ணு அண்ணாச்சி சொல்லுதாரு" என்று கேட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் காது கேட்கவில்லை என்று கையைக் காட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

அவன் என் நல்ல காது இருக்கிற வலதுபக்கம்தான் உட்கார்ந்திருந்தான்.

தனராஜ்